அரை நாள் உத்தரவு

ஐம்பதுகளில் கிராமப் பள்ளிகளுக்கு ஓர் உத்தரவு வந்தது. பாதி நாள் படிப்பு. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் காலையில் பாதிப் பிள்ளைகள், மத்தியானம் மீதிப் பிள்ளைகள், இரண்டு பிரிவுக்கும் ஒரே பாடம். காலை வகுப்பு முடிந்ததும் நான் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினேன். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அம்மா, பசைக் கையோடு என்னைத் திரும்பப் பள்ளிக்கே இழுத்துப் போனாள்.

"சர்க்கார் உத்தரவு. ஒம் மக உங்க தொழிலைப் படிக்கணும்," என்றார் தலைமையாசிரியர்.

"எதுய்யா எங்க தொழிலு? போன வருசம் களை எடுத்தோம், இந்த வருசம் தீப்பெட்டி ஒட்டுதோம். எதைக் கத்துக்குடுக்க?"

"வாயை அடக்கு."

"உங்க மகன் இப்ப எங்கன இருக்கான்?"

அவர் மகன் விருதுநகரில் முழு நாளும் படிப்பது ஊருக்கே தெரியும். டவுன் பள்ளிகளுக்கு அந்த உத்தரவு கிடையாது.

"இவ இங்கனதான் நிப்பா," என்று என்னை வகுப்புச் சன்னலுக்கு வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு அம்மா போய்விட்டாள். உத்தரவை ரத்து செய்யும்வரை தினமும் அங்கேயே நின்று, காலையில் கேட்ட பாடத்தை மறுபடி கேட்டேன். உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போதெல்லாம் நான் வெறுத்தது அம்மாவைத்தான். தலைமையாசிரியரை வெறுக்கும் அளவுக்கு எனக்கு அன்று படிப்பு போதவில்லை.