கொழும்பில் இருப்பவர்

வன்னியபெருமாள் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறமாட்டார். ஊர் எல்லை தாண்டி, உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில், ரோட்டோரப் பனை ஒன்றின் அடியில் நின்று வலது கையைக் காட்டுவார். பஸ்ஸில் முன்னால் எத்தனை இடம் காலியாகக் கிடந்தாலும் நேரே கடைசி வரிசைக்குத்தான் போவார். ஜன்னலோரம் உட்கார்ந்து, தோள் துண்டை இடது கையின்மேல் இழுத்து விட்டுக்கொள்வார். கண்டக்டர் வந்து, "எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்டால், "அத நீரே சொல்லும். இன்னைக்கு எந்த ஊரு நல்லா இருக்கும்?" என்பார்.

கண்டக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ ஓர் ஊருக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். அந்த ஊரில் அண்ணாச்சிக்குச் சொந்தக்காரர் கிடையாது, வேலையும் கிடையாது. காலையில் போய் இறங்கி, நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, இருட்டியதும் வீடு திரும்புவார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான்.

உலக யுத்தத்தில் கொழும்பின்மேல் குண்டு விழுந்த வருஷம் எனக்கு அவர் பழக்கமானார். அடுத்தது தூத்துக்குடிதான் என்று பயந்து பாதி ஊர் பெண்டுபிள்ளைகளை உள்நாட்டுக்கு அனுப்பியது. நானும் என் மனைவியையும் கைக்குழந்தையையும் ஏரலில் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து வந்தேன். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம். மேடு வந்தால் வண்டி இரைத்துக்கொண்டு நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். அண்ணாச்சியும் இறங்குவார். கையை வைக்காமல், திரும்பி நின்று முதுகைக் கொடுத்துத் தள்ளுவார்.

ஊர் பார்ப்பதில் அவருக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் கடைத்தெரு. ஒரு காலத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர் என்பதால், கருப்பட்டிக் கடையைக் கண்டால் கால் நின்றுவிடும். ஒரு துணுக்கை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "உடங்குடிச் சரக்கு இல்ல. ஆனா மோசம்னும் சொல்ல முடியாது" என்பார். பிறகு கோவில். ஆழ்வார்திருநகரிக்குப் போனால் உள்ளே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நிற்பார். "எங்கப்பா காலத்துல வாசலோட சரி தம்பி. இப்பந்தான சட்டம் போட்டு எங்க ஆளுகள உள்ள விட்டிருக்காக. ரெண்டு வாட்டியாவது ஆற அமரப் பாக்க வேண்டாமா?" ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டு. திருச்செந்தூரில் கடலைவிட அவருக்குப் பிடித்தது, மொட்டை போட்ட குழந்தைகள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அழுகிற அழகு.

ஆனால் எந்த ஊரிலும் கடைசியில் போய் உட்காருவது காப்பிக் கடையில்தான். கடைக்காரர் டம்ளரை நீட்டி, "சூடா இருக்கு அண்ணாச்சி, பாத்துப் பிடிங்க" என்று சொல்லவேண்டும். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வருகிற வெளிச்சம் காப்பிக்கு உரியதல்ல என்று எனக்கு அப்போதே தோன்றியது. காரணம் தெரியவில்லை.

ஏரலில் அய்யாக்குட்டி என்பவரின் கடையில் அது தெரிந்தது. அன்று அண்ணாச்சி வலது கையால் எனக்கு எதையோ விவரித்துக்கொண்டே, டம்ளரை இடது கைக்கு மாற்றியிருந்தார். பெருங்குளத்தில் கூழைக்கடா வந்து இறங்கியிருக்கிறது, அதன் அலகுக்குக் கீழே பை தொங்குகிறது என்று உற்சாகமாகப் பேச்சு. துண்டு நழுவிக் கிடந்தது. அப்போதுதான் இறக்கிய காப்பி. பித்தளை டம்ளரை நான் துணியில்லாமல் தொட முடியாமல் கீழே வைத்திருந்தேன். அவர் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. தோல் வெளுத்துக் கொப்புளித்து எழும்புவதை நான் பார்த்தேன். அவர் கூழைக்கடாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அய்யாக்குட்டியும் பார்த்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. நாலு பேரு வந்து போற எடம். இனிமே இங்கன வராதிய" என்றார்.

அண்ணாச்சி எழுந்து துண்டைச் சரி செய்துகொண்டார். "சரிய்யா" என்றார். நாங்கள் வாசல்படி இறங்கும்போது, அந்த டம்ளர் அடுப்புக்குள் விழுகிற சத்தம் கேட்டது.

ஆற்றங்கரையில் மருதமரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். துண்டை எடுத்துவிட்டுக் கையைக் காட்டினார். இரண்டு விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. "இதுல சூடு தெரியாது தம்பி. பாத்துப் பிடிங்கன்னு சொல்லுதவுக எனக்கும் சுடும்னு நெனச்சுல்லா சொல்லுதாக" என்றார். கன்னத்தில் ஒரு தேமல், அதை மறைக்கத்தான் தாடி. கேட்பவர்களிடம் செந்தூருக்கு நேத்திக்கடன் என்று சொல்லுவாராம்.

"பெருவியாதிதான் தம்பி. ஆனா இது தொத்துற வகை இல்லன்னு டாக்டரு சொல்லுதாரு. ஊசியும் போடுதாரு. அத ஒவ்வொரு ஊரு முக்குலயும் நின்னு நான் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா? சொன்னாலும் எவன் நம்புவான்?"

தின்கிற பண்டம் விற்கிற கடை. விஷயம் வெளியே தெரிந்தால் ஒரு வீசை கருப்பட்டி போகாது. அதனால் அவருடைய தம்பி மந்திரமூர்த்தி கல்லாவில் உட்கார்ந்தான்; அண்ணன் வீட்டின் பின்கட்டுக்குப் போனார். வேறு தெருவுக்குக் குடி மாறினார்கள். ஒரே மகள் செல்லக்கனியைப் பெண் பார்க்க ஆள் வருகிற ஞாயிற்றுக்கிழமை, மந்திரமூர்த்தி பின்கட்டுக்கு வந்து, அண்ணன் முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, இன்னைக்கு ஒரு பொழுது எங்கயாவது போயிட்டு வாங்களேன்" என்றான். அண்ணாச்சி ஊருக்கு வெளியே நடந்து போய் பஸ் ஏறினார். அதுதான் முதல் பயணம்.

வந்தவர்கள் பெண்ணின் தகப்பனாரைக் கேட்டார்கள். கொழும்பில் வியாபாரம், யுத்தத்தில் கப்பல் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டார் என்று வீட்டில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டாலும் கொழும்பு, கல்யாண வீட்டில் கேட்டாலும் கொழும்பு. உறவுக்காரர்கள் வந்து போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பில் இருப்பவர் தூத்துக்குடியில் இருக்கக்கூடாது. விடியுமுன் கொல்லை வழியாக வெளியேறிவிடுவார்.

(இந்தப் பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். ஊர்களின் பெயரை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்த ஊர்களை அவ்வளவு விரும்பினார்.)

ஏரல் கடையில் நடந்ததற்குப் பிறகு ஊர்கள் ஒவ்வொன்றாக அவருக்குத் தீர்ந்துபோயின. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கடையில் காப்பியைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தரையில் வைத்தார்கள். ஆழ்வார்திருநகரியில் ஒருவர் கோவில் வாசலிலேயே கையை நீட்டி மறித்தார். உள்ளே விடச் சட்டம் வந்த கோவில்தான். அண்ணாச்சி வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். "அவருமேலயும் தப்பு இல்ல தம்பி" என்று என்னிடம் சொன்னார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "யாரு மேலயும் தப்பு இல்லங்கிறதுதான் சகிக்க முடியல" என்றார்.

காப்பிக் கடைகளை விட்டுவிட்டார். குளங்களுக்கும் மலைகளுக்கும் போக ஆரம்பித்தார். பெருங்குளத்துக் கரையில் நாள் முழுவதும் உட்கார்ந்து, கருவேலமரங்களில் நாரைகள் கூடு கட்டுவதைப் பார்ப்பார். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போடுவதைக் கண்டால், "சலவைக்காரி தோத்தா" என்பார். திருநெல்வேலி ரோட்டில் வல்லநாட்டு மலையடிவாரத்தில் வெளிமான் கூட்டம் மேயும். ஒரு ஞாயிறு என்னையும் அழைத்துப் போனார். கடா ஒன்று, முறுக்கிய கொம்போடு, எங்களைக் கண்டதும் தலையைத் தூக்கியது. அடுத்த கணம் கூட்டமே துள்ளிப் பாய்ந்து மறைந்துவிட்டது.

"பாத்தீரா?" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு திருப்தி. "என்னயக் கண்டும் ஓடுது, உம்மயக் கண்டும் ஓடுது. ரெண்டு பேருக்கும் ஒரே ஓட்டம். இப்படி ஒரு மரியாதைய நான் ஊருக்குள்ள பாக்கல தம்பி."

செல்லக்கனிக்கு ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவருடன் கல்யாணம் முடிவாயிற்று. முகூர்த்தத்தன்று அண்ணாச்சி அந்த மலையடிவாரத்தில்தான் இருந்தார். நானும் கல்யாணத்துக்குப் போகாமல் அவரோடு போனேன். வீட்டிலிருந்து இனிப்பு கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. வெயில் ஏறியதும், "இந்நேரம் தாலி ஏறியிருக்கும், இல்ல?" என்றார். "ஏறியிருக்கும்" என்றேன். "எந்தம்பி மந்திரம்தான் தாரை வாத்துக் குடுத்திருப்பான். நல்லாக் குடுத்திருப்பான்" என்றார். மான்கள் அன்று வரவில்லை.

யுத்தம் முடிந்தது. ஊரில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கொழும்புக்குக் கப்பல் போக ஆரம்பித்தது. மருமகப்பிள்ளை நல்லவர். ஒருநாள் மாமியார் வீட்டுக்கு வந்தவர், "இனிமே மாமாவ எதுக்கு அங்கன விட்டு வைக்கணும்? நானே போயிக் கூட்டிட்டு வாரேன். கொழும்புல எந்தத் தெருன்னு சொல்லுங்க, போதும்" என்றார். பின்கட்டில் உட்கார்ந்து அண்ணாச்சி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா என்று மருமகன் தன்னை அழைத்ததை அவர் கேட்டது அப்போதுதான்.

அன்று இரவு மந்திரமூர்த்தி வந்தான். பேச முடியாமல் முதலில் அழுதானாம். "அண்ணே, எனக்கு வேற வழி தெரியல. அங்கன இருந்து தந்தி வந்துட்டுன்னு சொல்லிருவோம். பிள்ளைக்கு மசக்கையா இருக்கு. இப்ப உண்ம தெரிஞ்சா அவ வாழ்க்கை என்னத்துக்கு ஆகும்?"

தந்தி என்றால் சாவு. வன்னியபெருமாள் கொழும்பில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, வடக்கே மிஷன்காரர்கள் நடத்துகிற குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பிவிடுவது. அண்ணாச்சி சம்மதித்தார். அவருடைய மனைவி சண்முகவடிவு சுவரோரம் நின்றிருந்தாள். "அப்ப நான் என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒருத்தராவது வேண்டாம்னு சொல்லுவாகன்னு நெனச்சேன் தம்பி" என்று என்னிடம் சொன்னார். "செல்லக்கனிக்குச் சொல்லி அனுப்பினாக. கேட்டுட்டு அழுதாளாம். சரின்னுட்டாளாம். அவ சொன்னதுதான் சரி. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்." பிறகு கேட்டார்: "வார ஞாயித்துக்கெழம எனக்காக ஒரு காரியம் செய்யணும். சண்முகவடிவும் கூட வாரேங்கா. நான் அங்கன இருந்தே போயிருவேன். அவளத் திருப்பி வீட்டுல கொண்டு விடணும்."

இத்தனை வருஷத்தில் அவள் அவரோடு வெளியே வந்தது அந்த ஒரு ஞாயிறுதான். பெருங்குளத்தில் இறங்கினோம். நல்ல நாள். மழை பெய்து குளம் நிறைந்து, மரமெல்லாம் வெள்ளையாகப் பறவைகள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அவர் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "அந்தா நிக்கிதுல்லா, அதுதான் அரிவாள்மூக்கன். மூக்கப் பாரு, கதிரறுக்கப் போற மாதிரி." அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். "இவ்வளவும் நீங்க மட்டுமா பாத்திய? ஒரு நாளாவது என்னயக் கூப்பிட்டியளா?" என்றாள்.

"கூப்பிட்டா வந்திருப்பியா ஏளா?"

"தெரியல" என்றாள் அவள்.

மத்தியானம் வாழையிலை விரித்து அவருக்குப் புளிச்சோறு வைத்தாள். அவர் சாப்பிட்டு எழுந்ததும் அதே இலையில் தனக்குப் போட்டுக்கொண்டாள். நோய் வந்த நாளாக அவர் அதை அனுமதித்ததில்லை.

"ஏளா, வேண்டாம்."

"இன்னைக்கு ஒரு நாளு பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தாள்.

வெயில் சாய்ந்தபோது ரோட்டில் மதகுப் பக்கம் வந்து நின்றோம். தூத்துக்குடிக்குப் போகிற பஸ் முதலில் வரும். அவர் ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில் ஏறவேண்டும். மந்திரமூர்த்தி மறுநாள் காலையில் தந்தி வந்ததைச் சொல்லப்போகிறான். "அங்கன போனவுகள வெளிய விடமாட்டாகளாம்" என்றார் என்னிடம், ஊர் விஷயம் ஒன்றைச் சொல்வதுபோல. "சுத்திலும் பெரிய சுவராம்."

பஸ் வருகிற சத்தம் கேட்டது. சண்முகவடிவு காலையில் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு கையையும் தூக்கி, கொண்டையிலிருந்து அதை நிதானமாக எடுத்தாள். முடி சிக்கியிருந்த ஒரு பூவை மெதுவாக விடுவித்தாள். சரத்தை மதகின் கட்டைச்சுவரில், அவருக்குப் பக்கத்தில், வைத்தாள். அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் போய் உட்கார்ந்தவள் திரும்பவே இல்லை.

நான் கடைசி வரிசைக்குப் போய்ப் பின்னால் பார்த்தேன். பஸ் கிளப்பிய காற்றில் சரம் புரண்டு சுவரின் விளிம்புக்குப் போயிற்று. அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து, ரோட்டோரத்தில் கிடந்த ஒரு சிறு கல்லைப் பொறுக்கி, அது பறந்துவிடாதபடி நார்முனையின்மேல் வைத்தார்.