ஒரு டிஸ்க் குறைகிறது

ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியைக் காதோடு அணைத்து, இரும்பு நுனியை ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்கின் முதுகில் ஊன்றி, கலீச்சா ஒரு கண்ணை மூடுகிறாள். டிஸ்கைக் கொண்டு வந்தவர் ஏதோ கேட்க வாயெடுத்தால் அவளுடைய இடது கை உயரும். மூச்சு விடாதே என்று பொருள். பிறகு தீர்ப்பு வரும்: "நொண்டுது. பந்தயத்துக்கு ஆகாது. மூட்டை சுமக்கும், இன்னும் ரெண்டு குளிர்காலம்." கேட்டவர் முகம் வாடுவதற்குள் இவள் முகம் மலர்ந்துவிடும். நன்றாக ஓடும் டிஸ்கைக் கையில் கொடுத்தால் கொட்டாவி விடுவாள்.

நரின் என்ற மலையூரின் சந்தையில் பழைய சரக்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடைகளாக்கியிருக்கிறார்கள். மேல் பெட்டியில் கம்பளிக் காலுறை விற்கிறார்கள். கீழ்ப் பெட்டி கலீச்சாவுடையது. ஆட்டுத்தோல் கையில்லாச் சட்டை, நெற்றியில் கட்டிய விளக்கு, பையில் எப்போதும் மூன்று பென் டிரைவ். இளவயதில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். இன்றும் வீட்டில் யாராவது கூப்பிட்டால், வருகிறேன் என்று சொல்ல மாட்டாள். "லைன்ல இருங்க" என்பாள். வயதில் இளையவர்களுக்கெல்லாம் அவள் எஜே, அதாவது அக்கா.

ஊருக்கு வந்து சேரும் கிழட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் அவள் லினக்ஸ்தான் போட்டுக்கொடுக்கிறாள். காரணம் கேட்டால், "இது என்ன பண்ணுதுன்னு வாயத் தொறந்து சொல்லும். மத்தது மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திரும்" என்கிறாள். டிஸ்கை முழுக்க நிரப்பக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு சட்டம். விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதித் தேநீர்தானே ஊற்றுகிறோம், விளிம்பு வரை ஊற்றினால் கிளம்புங்கள் என்றுதானே பொருள், டிஸ்கிடமும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று அரைமணி நேரம் வாதாடுவாள். வாதத்தின் நடுவே தன் தேநீரை ஆறவிட்டு, சூடாக வேறு கேட்பாள்.

எல்லாச் சட்டங்களிலும் ஊரார் அதிகம் திட்டுவது ஒன்றைத்தான். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் இருந்து, ஒன்று காணாமல் போனால், அந்தக் கம்ப்யூட்டர் மேற்கொண்டு எழுந்திருக்கக் கூடாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். காணாவிட்டால் பரவாயில்லை, எழுந்து வா என்று எழுதிவைக்க ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அவள் யாருக்கும் எழுதித் தந்ததில்லை. "வீட்டாள் ஒருத்தரைக் காணோம்னா, தேடாம சாப்பிட உக்காருவீங்களா?" என்று மடக்குவாள்.

போன இலையுதிர் காலத்தில் ராக்கியாவின் வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது இந்தச் சட்டத்தால்தான்.

அன்று ராக்கியாவின் பேத்தி பெர்மெத்துக்கு நூலறுப்பு. நடக்கத் தொடங்கும் குழந்தையின் கணுக்கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூலால் கட்டி நிறுத்துவார்கள். ஓட்டப் பந்தயத்தில் முந்தி வருபவர் அதை அறுத்து, கையைப் பிடித்து நடத்துவார். குழந்தையின் அப்பா கூபத் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போனபோது அவள் பிறக்கவில்லை. மகளை அவன் இன்னும் தொட்டதில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போனில் பார்த்துக்கொள், சங்கு ஊதினால் மேலே ஏறிவிட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். முதல் நடை ஒரு தடவைதான் வரும். அவன் இடைவேளையும் ஒரு தடவைதான் வரும்.

ராக்கியாவின் வீடு மலைச்சரிவின் காலடியில் ஒண்டியிருப்பதால் அங்கே செல்போன் கோபுரம் எட்டாது. கம்பத்திலிருந்து வரும் கேபிள்தான் கதி. அந்தக் கேபிளைக் கலீச்சா நேரே கம்ப்யூட்டருக்குள் விட்டு, அங்கிருந்து சின்ன வைஃபை பெட்டிக்குக் கொடுத்திருந்தாள். கம்ப்யூட்டர் எழுந்தால்தான் வீட்டுக்கே இணையம். அன்று அது எழவில்லை.

முற்றத்தில் கொப்பரை கொதித்தது. பந்தயத்துக்குப் பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள். கலீச்சா செருப்பை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் குரலில் கொண்டாட்டம் வந்தது. "சொல்லுது பாருங்க, எவ்வளவு அழகா சொல்லுது. ஒரு டிஸ்க் குறையுதாம். வெளிய மாட்டி வச்சிருந்த அந்தக் கறுப்புப் பெட்டி எங்க?"

யாரும் தொடவில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்யாமல் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றவள் ராக்கியா ஒருத்திதான். கம்ப்யூட்டர் இருந்தது அறையின் மேல்பக்கத்தில், பெரியவர்கள் வந்து உட்காரும் மரியாதையான இடத்தில். அங்கே ஒரு கறுப்புக் கட்டி வயரோடு கிடந்தால் பார்க்க லட்சணமாக இருக்காது என்று, அதைப் பிடுங்கி, பட்டுத் துணியில் சுற்றி, தகரம் அடித்த பெட்டகத்துக்குள் பத்திரப்படுத்தியிருந்தாள். பெட்டகத்தின்மேல் உத்தரம் வரைக்கும் மெத்தைகள் அடுக்கியாகிவிட்டது. அந்த அடுக்கின் கீழே பெரியவர்கள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மெத்தையைச் சரிச்சா மானம் போயிரும்டீ," என்று ராக்கியா கலீச்சாவின் காதைக் கடித்தாள். "ஒத்தைக் கட்டிக்காக ஒரு வீட்டையே நிறுத்தி வைக்குமா உன் மிஷினு? உன்ன மாதிரியே வளர்த்து வச்சிருக்க."

"மரியாதையா உள்ள வச்சேன்னு சொல்றீங்க, ராக்கியா எஜே. அதுக்கு மூச்சு முட்டுமே."

ராக்கியாவின் மருமகள், குழந்தையின் அம்மா நுர்சத் முன்னால் வந்தாள். வெளியே கூட்டிப்போகச் சொல்லித் திமிறும் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கையிலிருந்த போனைக் கலீச்சாவிடம் காட்டினாள். வைஃபை இல்லை என்ற குறிதான் இருந்தது. "அவர் இப்ப சாப்பாட்டைத் தொறக்காம உக்காந்திருப்பாரு, எஜே."

கலீச்சா பெட்டகத்தைப் பார்த்தாள், பெரியவர்களைப் பார்த்தாள். அப்புறம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து விசைப்பலகையை மடியில் இழுத்தாள். எந்தெந்த டிஸ்குக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற பட்டியலைத் திறந்து, காணாமல் போனதன் வரிக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு, அந்த வரியையே கம்ப்யூட்டர் படிக்காதபடி செய்தாள். "இன்னிக்கு ஒரு நாள் நீ இல்லாம சாப்பிடுறோம்பா. கோச்சுக்காத," என்றாள் பெட்டகம் இருந்த திசையில். ஒரு பெரியவர் தன்னிடம் சொல்கிறாள் என்று நினைத்து, பரவாயில்லை சாப்பிடுங்கள் என்றார்.

கம்ப்யூட்டர் மறுபடி எழத் தொடங்கியது. ஆனால் ராக்கியா வயரைப் பிடுங்கியபோது கம்ப்யூட்டருக்கு வரும் மின்சாரமும் சட்டென்று அறுந்திருந்ததால், உள்ளே இருந்த டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. சதவிகிதம் ஊர்ந்தது. கலீச்சா ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கை உயர்த்தினாள். அறையில் தேநீர் உறிஞ்சும் ஓசைகூட நின்றுவிட்டது. "தடுக்கல. ஓடுறான், ஓடுறான்" என்று முணுமுணுத்தவள், திரையில் படம் வந்ததும் தரையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

நுர்சத்தின் போனில் வைஃபை குறி வந்தது. கூபத் வரவில்லை.

"வீட்டுக்குள்ள எல்லாம் பேசிக்குது. வாசலைத் தாண்டல," என்று சொல்லி, கலீச்சா நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி நுழைந்தாள். கம்பத்துக் கேபிள் சொருகியிருந்த இடத்தில் பச்சை விளக்கு எரியவில்லை. கேபிள் முனையைக் கவ்விப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு, வயரை இழுத்த வேகத்தில் முறிந்துபோயிருந்தது. புது முனை போடும் கருவி கடையில் இருக்கிறது. போய் வருவதற்குள் மாஸ்கோவில் சங்கு ஊதிவிடும். முனையை உள்ளே தள்ளிக் கட்டைவிரலால் அழுத்தினாள். பச்சை எரிந்தது. விரலை எடுத்தாள். அணைந்தது. மறுபடி அழுத்தினாள்.

போனிலிருந்து சிமெண்ட் தூசி படிந்த ஒரு குரல், "ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றது.

நுர்சத் போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். பெரியவர்களும் எழுந்து போனார்கள். அறை காலியானது. சுவரைப் பார்த்தபடி, வளைந்த முதுகோடு, கலீச்சா மட்டும் இருந்தாள். காதுக்கு வந்ததுதான் அவளுக்குக் காட்சி. பெண்களின் காலடி தடதடவென்று தெருமுனைக்குப் போய்த் திரும்பியது. பாவாடையை விட்டுட்டு ஓடுடீ என்று யாரோ கத்த, அதை நீ கட்டிக்கோ என்று யாரோ பதில் கொடுத்தார்கள். கத்தரிக்கோல் எங்கே என்று ஒரு பதற்றம். அப்புறம் ஒரு கணம் மொத்த முற்றமும் அடங்கியது. அந்த அமைதிக்குள் போனிலிருந்து கூபத்தின் குரல் கிளம்பி வந்தது: "வா, கண்ணு. இங்க வா. வா." முற்றம் வெடித்தது.

கொஞ்ச நேரம் கழித்து ராக்கியா, சுடச்சுடப் பொரித்த மாவுருண்டை ஒன்றைக் கொண்டுவந்து, இடுக்குக்குள் கையை நீட்டி அவள் வாயில் திணித்தாள். பெர்மெத் எட்டு அடி நடந்தாளாம், ஒன்பதாவதில் நாய்மேல் விழுந்தாளாம்.

"முடிஞ்சுதுடீ. விடு. வெளிய வா."

கலீச்சா மென்றபடியே தலையை ஆட்டி மறுத்தாள். பச்சை விளக்குக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. தகவல் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மாஸ்கோவில் இன்னும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளுடைய வலது கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. இடது கட்டைவிரலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, நன்றாக அழுத்திக்கொண்டு, அப்புறம்தான் வலதை எடுத்தாள்.