சொந்த வீட்டு விருந்தாளி

சோபாக்காரரைப் போலத் தொந்தரவு இல்லாத மனிதரைப் பார்க்க முடியாது. அதுதான் அவர் மனைவிக்குப் பெரிய தொந்தரவு.

பழைய சோபாவைப் பிரித்து, நைந்துபோன பஞ்சை எடுத்துவிட்டு, புது ஃபோம் வைத்து, மேலுறை தைத்துக் கொடுப்பது அவர் தொழில். அந்தப் பேட்டையில் பாதிப் பேர் அவர் கைபட்ட இருக்கையில்தான் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர் மட்டும் தன் வீட்டில், நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்போல, சோபாவின் நுனியில் உட்காருவார். ஃபிரிட்ஜைத் திறக்குமுன் "திறக்கலாமா?" என்பார். கல்யாணமாகி மூன்று வருடம் மனைவியை "நீங்க" என்றுதான் கூப்பிட்டார். மனைவிக்கு பஸ்களில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. நாள் முழுக்க ஊரைக் கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர் எழுந்து நின்று இடம் கொடுப்பார். எரிச்சல் வருமா வராதா?

காரணம் இல்லாமல் இல்லை. ஆறு வயதில் அம்மாவை இழந்தார். அப்பா வேலை தேடிப் போனவர் போனவர்தான். சித்தி வீட்டில் நாலு மாதம், மாமா வீட்டில் நாலு மாதம், பெரியப்பா வீட்டில் நாலு மாதம் என்று பதினெட்டு வயதுவரை சுற்றில் விடப்பட்டார். எல்லோரும் வாசலிலேயே சொன்னார்கள்: "உன் வீடு மாதிரி நெனச்சுக்கப்பா." நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த "மாதிரி" அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. உன் வீடு என்று ஒருவரும் சொல்லவில்லை.

மனைவி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் சாயங்காலம் எட்டு வயது மகள் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, தண்ணி குடிச்சுக்கலாமா?"

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேராகக் கூடத்துக்கு வந்தாள். "நீங்க எப்படியோ இருந்துட்டுப் போங்க. நம்ம பொண்ணு தண்ணி குடிக்க அனுமதி கேக்குறா. அவ எந்தச் சித்தி வீட்ல வளர்ந்தா, சொல்லுங்க?"

சோபாக்காரருக்கு முகம் செத்துவிட்டது. தனக்கு வந்தது தன்னோடு போகட்டும் என்றுதான் அவர் இத்தனை நாளும் இருந்தார். மறுநாளே மனைவி அவர் பெயரை முழுநல நிலையம் ஒன்றில் பதிவுசெய்தாள். உடல், மனம், மூச்சு மூன்றுக்கும் ஒரே இடத்தில் வைத்தியம், பழைய காயங்கள் ஆற்றப்படும், நீங்கள் யார் என்று கண்டுபிடித்துத் தரப்படும் என்று அதன் பலகையில் எழுதியிருந்தது. காணாமல்போன சாவியைக் கண்டுபிடிப்பது போலத்தான்.

புதன்கிழமை அவர் வேலையிலிருந்து நேராகப் போனார். தோளில் கருவிப்பை, சட்டையெல்லாம் நூல் பிசிறு. வரவேற்பு மேசையில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"குஷன் தைக்கிறவர்தானே? அப்பாடா, ரெண்டு வாரமாச் சொல்லிட்டிருக்கோம். வாங்க, வாங்க."

இல்லை என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாகிவிடுமே. அவர் உள்ளே போய்த் தைக்க உட்கார்ந்தார்.

அந்த அறையில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மருத்துவர் அம்மா, தொளதொள உடையில். முதலில் மூச்சை இழுத்து விட்டார்கள். பிறகு உள்ளுக்குள் இருக்கும் குழந்தையோடு பேசினார்கள். அதற்கப்புறம்தான் குஷன். ஆளுக்கொரு குஷனைக் கொடுத்து, காயப்படுத்தியவரின் பெயரை அதற்கு வைத்து, மனம் ஆறுமட்டும் அடிக்கச் சொல்வார் மருத்துவர் அம்மா. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு சாதுவான மனிதர் தன் மேலதிகாரியை அடித்த அடியில் பஞ்சு கூரைவரை பறந்தது. பள்ளி ஆசிரியை ஒருத்தர் நாத்தனாரைப் பல்லாலேயே கிழித்தார். வாரம் நான்கு குஷனாவது செத்துப்போகும்.

சோபாக்காரர் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிழைக்கவைத்தார். நான்கு புதன்கிழமைகள். மேலதிகாரிக்கு இரட்டைத் தையல் போட்டார். நாத்தனாருக்குத் தடித்த துணி. அவரவர் அடிக்கும் பாங்கு அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. "கொஞ்சம் இடது ஓரமா அடிங்க சார், அங்க தையல் கெட்டி" என்று வங்கிக்காரருக்குப் பக்குவம்கூடச் சொன்னார்.

"அங்க எப்படிப் போகுது?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"நல்லாப் போகுது. எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி" என்றார். பொய் இல்லை.

ஐந்தாம் வாரம் மருத்துவர் அம்மா கையில் ஒரு தாளோடு அவரிடம் வந்தார். "அண்ணே, உங்களுக்கு இந்தப் பேட்டை பழக்கம்தானே? ஒருத்தர் பதிவு பண்ணிட்டு ஒருநாள்கூட வரல. யார் வீட்லயும் ஒட்டாம வளர்ந்தவராம், பாவம். தெரிஞ்சவரான்னு பாருங்க."

அவர் தாளைப் பார்த்தார். ஊசியைப் பத்திரமாகத் துணியில் குத்திவைத்தார்.

"நான்தாங்க அது."

அறையில் ஆறு பேரும் மூச்சு விடுவதை நிறுத்தினார்கள்.

"ஏண்ணே சொல்லல?"

"நீங்க வேலை இருக்குன்னு சொன்னீங்க. மறுத்துப் பேசினா நல்லா இருக்காதுன்னு."

மருத்துவர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டார். அவரை வட்டத்தில் உட்காரவைத்து ஒரு குஷனைக் கொடுத்தார். யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொண்டு அடிக்கலாம் என்றார்.

சோபாக்காரர் கையை ஓங்கினார். அப்புறம் குஷனைத் தட்டி, மூலைகளை நிமிர்த்தி, மடியில் வைத்துக்கொண்டார். "அடிக்க ஆளில்லைங்க. சித்தி நல்லவங்க. மாமா, பெரியப்பா எல்லாருமே நல்லவங்க. யாரும் என்னைப் போன்னு சொல்லல." குஷன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலை உள்ளே தள்ளினார். "இருன்னும் சொல்லல."

பள்ளி ஆசிரியை மூக்கை உறிஞ்சினார். வங்கிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "ஒண்ணு செய்யுங்க. வீட்ல ஒரு குறை சொல்லுங்க. வந்த வீட்ல எவனும் குறை சொல்லமாட்டான். சொந்த வீட்லதான் சொல்லுவான்."

மருத்துவர் அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டார்.

குறை தேடும் வேலை சோபாக்காரரைப் படாதபாடு படுத்தியது. வியாழக்கிழமை படுக்கையறைக் கதவு கிறீச்சிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார், முடியவில்லை, எண்ணெய் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை குளியலறைக் குழாய் சொட்டியது. அதையும் சரிசெய்தார். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் வீட்டில் குறை என்று ஒன்றுகூட மிச்சமில்லை. நிலையம் கைராசியான இடம் என்று மனைவி பஸ்ஸில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாத்திரத்தில் வதக்கிய உருளைக்கிழங்கு. மகள் தட்டைக் காலிசெய்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் அதே தணிந்த குரலில் கேட்டாள்: "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

சோபாக்காரருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கேக்காத. எடு. உன் வீடு இது, புரியுதா? உன் வீடு. கிழங்குல உப்புகூட இல்ல, அதுக்குப் போய் அனுமதி கேட்டுக்கிட்டு."

மனைவியின் கை வாய்க்கருகில் நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?"

"உப்பு இல்ல."

"இன்னைக்கா?"

அவர் யோசித்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. "கல்யாணம் ஆன நாள்லேருந்து."

"பன்னெண்டு வருஷமா? பன்னெண்டு வருஷமா உப்பில்லாமத் தின்னுட்டு வாயத் தொறக்கலையா நீங்க?"

"இப்பத் தொறந்துட்டேன்ல?"

"அவ்வளவு குறை இருந்தா நாளைலேருந்து நீங்களே சமைங்க."

"சமைக்கிறேன். எனக்கென்ன பயமா? என் வீட்டு அடுப்பு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே காதில் விழுந்தது. மனைவிக்கும் விழுந்தது. அவளுக்கு வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, விடாமல், "பேச்சப் பாரு, பேச்ச" என்று ஆரம்பித்தாள். அவரும் பதிலுக்குக் குழம்பைப் பற்றி ஆரம்பித்தார். அவர்கள் வாழ்க்கையின் முதல் சண்டை அது. இருவரும் ஒழுங்காகப் போட்டார்கள்.

பாத்திரம் வழிக்கப்படும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்கள். மகள் அதைத் தன் பக்கம் இழுத்து, மிச்சம் இருந்த கிழங்கு மொத்தத்தையும் தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, எங்களுக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டியா?" என்றாள் அம்மா.

"எதுக்கு?" என்றாள் மகள், வாய் நிறையக் கிழங்கோடு.