ஸ்டெல்லாவுக்கு வந்த புதுக் குரல்

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் பாடிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவுக்குப் பாதிப் பாட்டில் குரல் உடைந்துவிட்டது. மைக்கை இறக்கிவிட்டு, அப்படியே நின்றார்.

பந்தி தயார் என்று அறிவித்தாயிற்று. கூட்டம் எழுந்து போயிருக்க வேண்டும் இல்லையா?

பெண்ணின் அம்மா வள்ளி முன்வரிசையிலிருந்து கரகரத்த குரலில் கத்தினார்: "பாடுக்கா! நாங்க எங்கயும் போவல!"

ஒருவரும் போகவில்லை. ஸ்டெல்லா தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து பாடினார். தாழ்ந்த, கொஞ்சம் மணல் கலந்த குரல்...

யார் இவர்? தெரிந்துகொள்ளாவிட்டால் விருந்துக்கு வந்த எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மறுநாள் காலையிலேயே கடலூர் முதுநகரில் அவர் வீட்டில் இருந்தேன்.

இருபது வருஷம் ஆர்கெஸ்ட்ரா பாடகி. கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், கல்யாணம் — உச்சஸ்தாயி என்றால் ஸ்டெல்லாதான். பிறகு தைராய்டு ஆபரேஷன். குரல் திரும்பி வந்தது. உச்சம் மட்டும் வரவில்லை. "ரெஸ்ட் எடுங்க, கூப்பிடுறேன்" என்றார் ட்ரூப் ஓனர். ஐந்து வருஷம் கூப்பிடவில்லை.

"சர்ச் கொயர்ல வாயை மட்டும் அசைப்பேன் சார். பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது."

போன வருஷம் செக்கப்புக்குப் போன இடத்தில்தான் வள்ளியைப் பார்த்திருக்கிறார். பிச்சாவரம் பக்கத்து மீன் வியாபாரி. மறுநாள் அவருக்கும் அதே ஆபரேஷன். ஸ்டெல்லாவின் கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"நான் தெருத்தெருவா கூவி விக்கிறவ. எனக்குக் குரல் வருமாக்கா?"

"வரும். ஆனா வேற குரலா வரும்."

சொல்லிவிட்டாரே தவிர, தானே அதை நம்பினாரா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை உள்ளே ஓடியது. வீட்டுக்கு வந்ததும் கணவர் சகாயத்தைக் கீபோர்டில் உட்கார வைத்தார்.

'வேற குரலா வந்தாலும் வா...
வாசல் திறந்துதான் இருக்கு...'

வாழ்நாளில் அவரே எழுதிய முதல் பாட்டு. சகாயம் சுருதியை இறக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஸ்டெல்லாவின் குரல் வசதியாக உட்கார்ந்தது. இருவரும் அழுதார்களாம்.

போனில் பதிவு செய்து வள்ளிக்கு அனுப்பினார். வள்ளி அதை ஊருக்கே அனுப்பிவிட்டார். மகள் கல்யாணத்துக்கு "நீதான் வந்து பாடணும்" என்று ஒற்றைக்காலில் நின்றதும் அவர்தான்.

இப்போது அந்த ஓனரும் கூப்பிட்டிருக்கிறார். "என் சுருதியிலதான் பாடுவேன், சரின்னா வரேன்" என்றாராம் ஸ்டெல்லா. அவரும் சரி என்றுவிட்டார்.

கிளம்பும்போது கேட்டேன் — பழைய குரல் போனதில் வருத்தம் இல்லையா?

"இல்லாம இருக்குமா சார்? ஜாஸ்தியாவே இருக்கு. ஆனா ஒண்ணு... அப்பல்லாம் 'சினிமால பாடுனவங்க மாதிரியே பாடுறீங்க'ன்னு சொல்லுவாங்க. இப்பதான் 'யாரு பாடுறது?'ன்னு கேக்குறாங்க."