மாற்றிக் கொடுத்த தேங்காய்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நானும் மனைவியும் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். எந்தச் சாமானில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று முழுவதையும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தேங்காயை மட்டும் சொல்கிறேன். நூற்று எழுபது ரூபாய்க்கு வந்து இறங்குவதை நூற்று எண்பத்தைந்துக்கு விற்கிறோம். அந்தப் பதினைந்தில் வாடகை, கரண்ட் பில், இறக்குகூலி எல்லாம் போக ஏழோ எட்டோதான் கையில் நிற்கும். ஒரு அழுகல் தேங்காய்க்கு மாற்றாக நல்லது ஒன்றைக் கொடுத்துவிட்டால், அந்த நட்டத்தை எடுக்க இருபதுக்கு மேல் விற்க வேண்டும்.

மாற்றிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் மற்றக் கடைக்காரர்கள், எப்போது வாங்கினது, வெயிலில் வைத்தீர்களா என்று நாலு கேள்வி கேட்ட பிறகே கொடுப்பார்கள். எனக்கு அது வராது. யாரையும் மறுத்துக் கதைக்க வேண்டி வந்தால் காது சுடும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓ லெவலோடு படிப்பை விட்டு வந்த நாளிலிருந்து கடைகளில்தான் நிற்கிறேன், இன்னும் அது மாறவில்லை.

சனிக்கிழமைகளில் ஒழுங்கை முகப்பில் ஒரு லொறி வந்து தேங்காய் விற்கும். எங்கள் விலையைவிட இருபது ரூபாய் குறைவு. லொறிக்கு வாடகையும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை. அன்றைக்கு எங்கள் தேங்காய்க் குவியல் அப்படியே கிடக்கும். ஆனால் ஞாயிறும் திங்களும் ஆட்கள் அழுகல் தேங்காயோடு எங்களிடம் வருவார்கள். ஒருமுறை சனிக்கிழமை நாங்கள் விற்றது மூன்று. திங்கட்கிழமைக்குள் அழுகல் என்று திரும்பி வந்தது ஐந்து. ஐந்தையும் மாற்றிக் கொடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, லொறிக்காரனுக்கு லாபம், எங்களுக்கு அழுகல். அவன் உங்களுக்கு மாசச் சம்பளம் ஏதும் தாறானோ?" என்று மனைவி கேட்டாள்.

"எங்கடதோ அவன்ரதோ எண்டு என்னெண்டு சொல்லுறது?"

"உங்கட முகத்தைப் பாத்தே கொண்டு வருகினம்."

அவளே ஒரு மார்க்கர் பேனா எடுத்து, வந்து இறங்கிய தேங்காய் ஒவ்வொன்றிலும் நீலப் புள்ளி வைத்தாள். புள்ளி இல்லாத தேங்காயை இனி மாற்றக் கூடாது, மாற்றினால் தேங்காய் விற்பதையே நிறுத்திவிடுவேன் என்றாள். சின்ன மிரட்டல் இல்லை. தேங்காய்க்கு வருகிறவர்கள்தான் அப்படியே பருப்பும் வெங்காயமும் வாங்குகிறார்கள். அது நின்றால் கடையில் பாதி நின்ற மாதிரி.

அடுத்த திங்கட்கிழமை காலை, எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் வந்து ஒரு பையை மேசையில் வைத்தார். மாதச் சாமான் முழுவதையும் எங்களிடம் வாங்குகிறவர். அவர் கோபித்தால் அந்த ஃப்ளாட்டே எங்களைக் கோபித்த மாதிரி. பைக்குள் உடைத்த தேங்காய், இரண்டு பாதியும் கறுத்துப்போய். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளி இல்லை. பின்னால் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"இது எங்கட தேங்காய் இல்லை, டீச்சர்," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஓம் தம்பி, தெரியும். லொறியில வாங்கினது," என்றார் டீச்சர், ஒளிவு மறைவே இல்லாமல். "அவனை நான் இப்ப எங்கை போய்ப் பிடிக்கிறது? இரத்மலானையிலயோ, பாணந்துறையிலயோ? நீங்கள்தானே இஞ்ச இருக்கிறீங்கள்."

அப்படியென்றால் இத்தனை நாளும் எல்லோருக்கும் தெரிந்தே நடந்திருக்கிறது. "மாத்தேலாது, டீச்சர்," என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

அவர் பையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். "சரி, காசுக்கே ஒண்டு தாங்கோ. ஆனா இஞ்சயே உடைச்சுத் தரவேணும். எனக்கு இனித் தேங்காயில நம்பிக்கை இல்லை."

குவியலில் நல்ல பாரமான ஒன்றைத் தேடி எடுத்து, காதருகில் பிடித்துக் குலுக்கி, கத்தியின் பின்பக்கத்தால் ஒரு போடு போட்டேன். அழுகல் தண்ணீர் என் சேர்ட்டிலும் பருப்புச் சாக்கிலும் தெறித்தது. நாற்றத்தில் டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஓட்டில் நீலப் புள்ளி பளிச்சென்று இருந்தது.

"அது எங்கடதுதான்," என்றாள் மனைவி.

இரண்டாவது நல்லதாக இருந்தது. டீச்சர் ஒரு தேங்காய்க்குக் காசு தந்து, வழக்கம்போல் வெங்காயமும் பால்மாவும் வாங்கினார். "பாத்தீங்களே தம்பி, லொறிக்காரனை மட்டும் குறை சொல்லேலாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கோபமே இல்லை. எனக்குத்தான் காது இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சூட்டோடு, எங்களுக்குத் தேங்காய் போடும் குருநாகல் ஆளுக்குப் போன் எடுத்தேன். அவரோடு நான் கதைப்பது எத்தனை தேங்காய், எப்போது வரும் என்பது மட்டும். எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில், அழுகல் வருகிறது, இப்படியென்றால் எனக்குக் கட்டாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். மனைவி கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"ஹரி, ஹரி, அய்யே," சரி, சரி, அண்ணை என்று சிங்களத்தில் சாதாரணமாகச் சொன்னார் அவர். எத்தனை அழுகல் என்று சொன்னால் அடுத்த லோட்டில் அத்தனையும் சும்மா போட்டுவிடுவாராம். மற்றக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒவ்வொரு முறையும் சொல்லி வாங்குகிறார்களாம். நான் ஒருநாளும் கேட்காததால், எனக்கு மட்டும் அழுகலே வருவதில்லை என்று நினைத்திருந்தாராம்.

போனை வைத்தேன். மனைவி பருப்புச் சாக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா, கோபமா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"எத்தினை வருசமா அந்தாளிட்ட எடுக்கிறம்?" என்று கேட்டாள்.

பதினொரு வருடம். அது அவளுக்கும் தெரியும். நான் சேர்ட்டை மாற்ற உள்ளே போய்விட்டேன்.