படிவத்தில் இல்லாத அண்டா

அம்மா வள்ளியாத்தாள் காய்ச்சலில் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அர்த்தநாரி வேலைக்குத் திரும்பினான். எருத்தேன்பதியில் வீடு வீடாகப் போய் மலேரியாவுக்கு ரத்தம் எடுப்பது அவன் வேலை. அந்த 1974 கோடையில் எடுத்த ரத்தம் எதிலும் மலேரியா இல்லை. ஆனாலும் காய்ச்சல் நிற்கவில்லை. ஓடையும் குளமும் வற்றிக் கிடக்க, கொசு எங்கே முட்டையிடுகிறது?

நாற்பது வீடு பார்த்த பிறகுதான் பிடிபட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்த வீடுகளில் காய்ச்சல் குறைவு. பழைய தண்ணீரின் மேலேயே, வண்டியில் வந்த குடிதண்ணீரை ஊற்றிவைத்த வீடுகளில்தான் ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். படிவத்தில் குளம், கிணறு, ஓடை என்று மூன்றே கட்டங்கள். அவன் நாலாவதாக ‘அண்டா’ என்று ஒரு கட்டம் வரைந்தான். மலையாளி மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

“மலேரியா இல்லெங்கில் அது நம்ம கணக்கில் வராது. போய் ஜோலி நோக்கு.”

ஊராரிடமாவது சொல்லலாம் என்று போனால், பக்கத்து வீட்டு சரஸ்வதியம்மாள் மடக்கினாள். “ஏனுங்க தம்பி, இந்த வறச்சியில தண்ணியக் கொட்டச் சொல்றீங்களே, உங்கூட்டு அண்டாவக் கவுத்துட்டீங்களா?”

கவிழ்க்கவில்லை. அம்மா பிடித்துவைத்த தண்ணீர் என்று யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தான். நாற்பது வீட்டு அண்டாவை எட்டிப் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை. போய், சரியாகப் பொருந்தாத மூடியைத் திறந்தான். கொசுப்புழுக்கள் நெளிந்தன.

வாளி வாளியாக மொண்டு தென்னைக்கு ஊற்றினான். பிறகு அண்டாவைத் தெருவுக்கு இழுத்து வந்து, சரஸ்வதியம்மாள் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டான்.