எல்ஸ்பெட் ஆற்றில் குதிக்கவில்லை

ரோஸ்வித்தா மேடையில் தும்மினாலும் அந்த ஊர் கைதட்டும். ஜெர்மனியில் துரிங்கியா மாநிலத்தின் அந்தச் சின்ன நகரத்து நாடக மன்றத்தில் ராணி, கொலைகாரி, குடிகாரத் தாய் என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் இருபது வருடங்களுக்கு மேல் நடித்தவள். சந்தையில் சாசேஜ் சுட்டு விற்கும் சிட்ஸ்மான், அவளைக் கண்டால் வரிசையையே மறந்துவிட்டு முதல் ரொட்டியை அவளிடம்தான் நீட்டுவார்.

இந்த அன்புதான் இப்போது அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாக ஓர் ஓபராவை, வசனமெல்லாம் பாட்டாகவே வரும் இசை நாடகத்தை, இயக்கிக்கொண்டிருந்தாள்.

நாடகத்துக்கும் ஓபராவுக்கும் அங்கே ஒரே கட்டடம்தான். ஆனால் கேன்டீனில் நடிகர்களுக்கு ஜன்னல் பக்கம், பாடகர்களுக்கு அடுப்புப் பக்கம். ரோஸ்வித்தா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்த அன்று இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. இசைக்குழுவை நடத்தும் லோபெக் மட்டும் வாயைத் திறந்தார்.

"என்ன ரோஸி, வழி தப்பி வந்துட்டியா?"

"தெரிஞ்சுதான் வந்தேன். அந்த உப்பை இப்படித் தள்ளு."

சண்டையை எதிர்பார்த்து வந்தாளே தவிர, ஒருவரும் அவளோடு சண்டை போடவில்லை. பாடகர்கள் சொன்னபடி நின்றார்கள், சொன்னபடி நடந்தார்கள், சிரித்தார்கள். பிறந்தநாள் கொண்டாடும் அத்தையின் ஆசைக்குத் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினார்கள். மற்ற இயக்குநர்களோடு இதே ஆட்கள் கதவை அறைந்துவிட்டுப் போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். முதல் ஆட்டம் முடிந்ததும் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, பழையபடி நடிக்க அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

இத்தனைக்கும் அவள் கை வைத்தது அந்த ஊர்க்காரர் ஒருவரே எழுதிய பழைய ஓபராவில். மாவு ஆலைக்காரன் மகள் எல்ஸ்பெட், காதலன் கைவிட்டதும் ஆற்றில் குதிப்பாள். ஊரே தலைமுறை தலைமுறையாக அதற்கு அழுது பழகியிருந்தது. ரோஸ்வித்தாவின் எல்ஸ்பெட் கரையில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றுவாள். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்ப்பாள். திரும்பவும் மாட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விடுவாள்.

"வாத்தியம் எல்லாம் சேர்ந்து அவளைத் தண்ணியில தள்ளுது. நீ அவளை ஊரை விட்டு அனுப்பி வைக்கிறே," என்றார் லோபெக். ரோஸ்வித்தா சண்டைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, உன் இஷ்டம்," என்று அவர் சூப்பைக் குடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை முதல் ஆட்டம். அன்று காலை எல்ஸ்பெட்டாகப் பாடவேண்டிய பெண் தொலைபேசியில் அழைத்தாள். பேச்சு வரவில்லை, காற்றுதான் வந்தது. அந்தப் பக்கத்தில் இதற்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். பாட்டுத் தெரிந்த ஒருத்தியை வேறு ஊரிலிருந்து வரவழைத்து, மேடை ஓரத்தில் நின்று இசைப் புத்தகத்தைப் பார்த்துப் பாடச் சொல்வார்கள். நடிப்பு தெரிந்த வேறொருவர் நடுவில் நின்று, சத்தமில்லாமல் அந்த வேடத்தை நடித்துவிடுவார். கேரா நகரத்து ஸ்வென்யா அதை ஒரு தடவை பாடியிருந்தாள். ரயில் ஏறிவிட்டாள். நடிக்கத்தான் ஆள் வேண்டும்.

பொதுவாக உதவி இயக்குநர் ஏறுவார். அவருக்கோ மார்பு வரை தாடி. லோபெக் ரோஸ்வித்தாவைப் பார்த்தார்.

"அடி அடியா உனக்குத்தானே மனப்பாடம்."

"நான் ஏறினா அவங்க என்னைத்தான் பார்ப்பாங்க. நான் இயக்கினதை எவன் பார்ப்பான்?"

"ஏறலைன்னா எவனும் எதையும் பார்க்க மாட்டான்."

"பத்தொன்பது வயசுப் பொண்ணு லோபெக், எல்ஸ்பெட்."

"முன்வரிசையில கண்ணாடியைக் கழட்டிட்டு உட்காரச் சொல்றேன்."

உடை முதுகில் மூடவில்லை. ஊக்குகளைக் குத்திச் சமாளித்தார்கள். ஸ்வென்யா ரயில் நிலையத்திலிருந்து ஓடிவந்து, மேல்கோட்டோடு ரோஸ்வித்தாவின் எதிரில் நின்றாள்.

"நீங்க மூச்சு இழுக்கும்போது நானும் இழுக்கிறேன். அது போதும்," என்றாள்.

"நான் கொஞ்சம் சத்தமா இழுப்பேன்மா."

"அதுவும் நல்லதுதான்."

திரை உயர்ந்தது. ரோஸ்வித்தா மூச்சை இழுத்தாள், ஓரத்திலிருந்து குரல் எழும்பியது. வேறொருத்தியின் குரல் தன் விலா எலும்புக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கடைசிக் காட்சியில் காலணிகளைக் கழற்றியபோது அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. அவள் அவற்றை மாட்டிக்கொண்டாள். வாத்தியங்கள் ஆற்றுக்குள் விழுந்துகொண்டிருக்க, மேடையிலிருந்து இறங்கி, ஜனங்களுக்கு நடுவே நடந்து, பின்கதவைத் திறந்து வெளியே போனாள்.

பக்கத்து நடை வழியாக ஓடி மேடைக்குத் திரும்பினாள். ஸ்வென்யாவின் கையைப் பிடித்து வணங்கியதும் கூரை பிய்ந்துவிடும் போலக் கைதட்டல். மேல்மாடத்தில் சிட்ஸ்மான் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். ரோஸ்வித்தாவுக்கு மனசு உடைந்துபோனது. நினைத்தபடியே, ஊர் தன் நடிகையைத்தான் பார்த்திருக்கிறது.

முதல் ஆட்டத்தன்று இயக்குநரும் தனியாக வந்து வணங்கவேண்டும். லோபெக் அவளை முன்னால் தள்ளினார். அதே உடை, அதே ஊக்குகள். ஓர் அடி வைத்தாள்.

"ஊஊஊ" என்று மேல்மாடத்திலிருந்து ஓர் ஊளை இறங்கியது. அதைத் தொடர்ந்து வலப்பக்கமும் ஊளை. இடப்பக்கம் சிலர் எழுந்து நின்று 'பிராவோ' என்று பதிலுக்குக் கத்தினார்கள். ஒரு நிமிடத்தில் அரங்கம் இரண்டாகப் பிளந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, முதல் ஊளையை விட்டவர் சிட்ஸ்மானேதான்.

ரோஸ்வித்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. தரையைத் தொடும் அளவுக்கு இன்னொரு தடவை குனிந்து வணங்கினாள். பிரித்து எடுத்துவிட்டார்களே! அவள் நடித்தது வேறு, அவள் இயக்கியது வேறு என்று ஊரே பிரித்துவிட்டதே!

"இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு ஊளை கிடைச்சிருக்குமா?" என்று லோபெக் அவள் காதருகே பொருமினார்.

உடையைக்கூட மாற்றாமல் அவள் கீழே ஓடினாள். படிக்கட்டில் சிட்ஸ்மான் தொப்பியைத் திருகியபடி நின்றிருந்தார்.

"மேடம், நடிப்புல ஒரு குறை சொல்ல முடியாது..."

"நடிப்பை விடுங்க சார்."

"அவ குதிக்கணும் மேடம். எங்கப்பா காலத்துலேருந்து குதிக்கிறா."

"ஒருத்தன் ஏமாத்திட்டான்னா இவ ஏன் சாகணும்?"

"இசை குதிக்குதே. அதுக்கு என்ன சொல்றீங்க? காது கேட்கிறவனுக்குக் கோவம் வராதா?"

"இசை அந்த ஊரோட ஆசை சார். ஊர் ஆசைப்பட்டா அவ குதிச்சிடணுமா?"

"இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். தப்பு. எங்கே வேணும்னாலும் வந்து சொல்வேன்."

ரோஸ்வித்தா அவர் கையைப் பிடித்து இழுத்துப் படியில் உட்காரவைத்தாள். முதுகில் ஓர் ஊக்கு குத்தியது. பொருட்படுத்தாமல் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு விடாம சொல்லுங்க. உங்களுக்கு எந்த இடத்துல கோவம் ஆரம்பிச்சது?"

"முதல் காட்சியிலேயே," என்றார் சிட்ஸ்மான்.